கூலியை மறைத்தால் விலை பொய்க்கும்

நியாய விலை என்பது யாது? இவ்வினாவை நம் மக்களிடம் எழுப்பிப் பாருங்கள். பெரும்பாலோர் 'குறைந்த விலை' என்றே விடை பகர்வர். காய்கறிச் சந்தையில் அவ்விடை ஓரளவு பொருந்தலாம். கார் பட்டறையில் அது பொருந்தாது. பொருந்தாததோடு தீங்கும் விளைக்கும். காரின் அடியில் சக்கரங்களைத் தாங்கி நிற்கும் அப்சோர்பர், ஸ்பிரிங், லோவர் ஆர்ம் முதலியன பழுதுபட்டால் நாம் எவ்வாறு விலை பேசுகிறோம் என்பதை ஆராய்ந்தாலே இவ்வுண்மை விளங்கிவிடும்.

இலக்கிய மணம் கமழ வேண்டிய தொகுப்பில் எண்ணெய் நாற்றம் எதற்கு என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். காரை 'மகிழுந்து' என்று அழகுறப் பெயரிட்டு மாணவர்க்குக் கற்பித்தவர்கள் நாம். அம்மகிழுந்து பழுதாகிப் பட்டறையில் நிற்கும்போது, வாயடைத்துப் போய்க் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வருபவர்களும் நாமே. வாழ்வின் இக்கட்டில் நமக்குத் துணைநில்லாத கல்வி என்ன கல்வி?

ஆசிரியர் அறையில் அடிக்கடி ஒலிக்கும் கூற்று ஒன்றுண்டு: "பட்டறைக்காரர்கள் எல்லாரும் கொள்ளைக்காரர்கள்." இக்கூற்றை நான் மறுக்கிறேன். ஏமாற்றுவோர் இல்லை என்று வாதிட வரவில்லை. எல்லாத் தொழிலிலும் இருப்பதுபோல் அங்கும் இருக்கின்றனர். ஆனால், பட்டறையில் பொய்க்கணக்கு பெருகியதில் நம் பங்கும் பெரிது என்பதே என் வாதம்.

எப்படி என்று காண்போம். சாலை மேட்டில் ஏறி இறங்கும்போது முன்சக்கரப் பக்கம் 'டொக், டொக்' என்று ஓசை எழுகிறது. இவ்வோர் ஓசைக்குக் காரணம் பலவாகலாம். ஸ்டெபிலைசர் லிங்க் என்னும் மெல்லிய தண்டின் மூட்டு தேய்ந்திருக்கலாம். லோவர் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ் கிழிந்திருக்கலாம். அப்சோர்பருக்கு மேலுள்ள மவுண்டிங் தளர்ந்திருக்கலாம். பால் ஜோயிண்ட் தேய்ந்து ஆடலாம். அப்சோர்பரே எண்ணெய் கசிந்து வலுவிழந்திருக்கலாம். இவற்றுள் முதலாவது மிகச் சிறிய செலவு, கடைசியானது பெருஞ்செலவு. எது பழுது என்று கண்டறியக் காரைத் தூக்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். கடப்பாரை போன்ற கம்பியால் ஒவ்வொரு மூட்டையும் நெம்பிப் பார்க்க வேண்டும். சில வேளை காரை ஓட்டியும் பார்க்க வேண்டும். பல்லாண்டுப் பயிற்சி பெற்ற கைக்கும் காதுக்குமே அந்நுட்பம் வாய்க்கும்.

அந்த அரைமணி நேர உழைப்புக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? ஒன்றும் கொடுப்பதில்லை. "வெறுமனே பார்த்ததற்கெல்லாம் காசா?" என்று சினக்கிறோம். நாடி பிடித்துப் பார்க்கும் மருத்துவருக்கு மறுபேச்சின்றிக் கட்டணம் செலுத்துகிறோம். காரின் நோயறியும் தொழிலாளருக்கோ கூலி மறுக்கிறோம். விளைவு யாது? நுணுகி ஆராய்ந்து சிறு பழுதைச் சுட்டிக்காட்டும் நேர்மையாளர் அன்றைக்கு வெறுங்கையோடு வீடு திரும்புகிறார். ஆராயாமலே "எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம்" என்பவர் பொருள் விற்ற இலாபத்தோடு திரும்புகிறார். நேர்மைக்குத் தண்டமும் ஊகத்துக்குப் பரிசும் வழங்கும் ஏற்பாட்டை அமைத்தவர் யார்?

பொருத்துகூலியின் கதையும் இத்தகையதே. பற்றுச்சீட்டில் 'கூலி 120 வெள்ளி' என்று தனியே எழுதினால் வாடிக்கையாளர் வாதிடுகிறார். அதே 120 வெள்ளியை உதிரிப்பாகத்தின் விலைக்குள் ஒளித்து வைத்தால் வாய் திறவாமல் கொடுத்துவிடுகிறார். இதைக் கண்ட பட்டறைக்காரர் மெய்க்கணக்கை ஏன் எழுதப் போகிறார்? மறைக்கப்பட்ட கூலிக்கு அளவு ஏது? இன்று நூறு மறைந்தால் நாளை முந்நூறு மறையும்.

ஒரு நிகழ்ச்சியைச் சுட்டுகிறேன். என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரின் காரில் மேற்சொன்ன ஓசை கேட்டது. ஒரு பட்டறையில் நான்கு அப்சோர்பர்களையும் இரண்டு லோவர் ஆர்ம்களையும் மாற்ற வேண்டும் என்று கூறி 1,450 வெள்ளி கேட்டனர். ஐயுற்ற அவர் வேறொரு பட்டறையை நாடினார். அங்கிருந்த இளைஞர் காரைத் தூக்கி ஆராய்ந்து, ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டு மட்டுமே தேய்ந்துள்ளன என்று காட்டினார். பொருளுக்கு 90 வெள்ளி, கூலி 50 வெள்ளி என்றார். நம் ஆசிரியர் என்ன செய்தார் தெரியுமா? அந்த 50 வெள்ளியை 30 ஆகக் குறைத்துவிட்டு வந்தார்! முதற்பட்டறையின் பேராசையைப் பல மாதங்கள் பழித்துப் பேசினார். தமக்கு ஆயிரத்துக்கு மேல் மிச்சப்படுத்தித் தந்த நேர்மையாளரின் கூலியில் 20 வெள்ளியைத் தாம் பறித்தது அவர் நெஞ்சை உறுத்தவேயில்லை. மறுமுறை அவ்விளைஞர் தம் கூலியை எங்கே ஒளித்து வைப்பார் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"ஏழைகள் மலிவைத் தேடாமல் என் செய்வர்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால், மலிவைத் தேடி அதிகம் இழப்பவர்களும் ஏழைகளே. விலையை நெருக்கிக் குறைத்தால் பட்டறைக்காரர் தரத்தைக் குறைப்பார். எண்ணெய் மாற்றி வண்ணம் பூசப்பட்ட பழைய அப்சோர்பர்கள் 'ரிகோன்' என்ற பெயரில் சந்தையில் உலவுகின்றன. அவை விரைவில் மீண்டும் கசிந்தால், பொருளுக்கும் கூலிக்கும் இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டும். பழைய கஞ்சில் ஒன்றை நம்பி வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு அது ஒரு மாத உணவுச் செலவாகலாம். பால் ஜோயிண்ட் போன்றவற்றில் மலிவு உயிருக்கே உலை வைக்கும். ஓடும்போது அது கழன்றால் சக்கரம் சாய்ந்து கார் கட்டுப்பாட்டை இழக்கும்.

"நம்மவர் பட்டறையாயிற்றே, கணக்குக் கேட்பது அழகா?" என்பது மற்றொரு தயக்கம். நம்மவர் என்பதால் கணக்குக் கேட்பதில்லை; பிறகு ஐயம் வந்ததும் முகத்தெதிரே கேளாமல் ஊரெல்லாம் தூற்றுகிறோம். முன்னே கேட்கும் கணக்கு இருவர்க்கும் காவல். பின்னே தூற்றும் பழி இருவர்க்கும் இழிவு.

அப்படியாயின் நியாய விலையைப் பெறும் வழி யாது? பணி தொடங்குமுன் ஐந்து வினாக்களைக் கேட்க வேண்டும். எது பழுது, அதைக் காட்ட இயலுமா? மாற்றப்போகும் பொருள் கார் நிறுவனத்துடையதா, வேறு நிறுவனத் தயாரிப்பா, பழைய காரிலிருந்து கழற்றியதா? பொருளின் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு? உத்தரவாதம் எத்தனை மாதம்? கழற்றிய பழைய பொருளைத் திரும்பத் தருவீர்களா? இவற்றுக்கான விடைகளை எழுத்தில் பெற வேண்டும். செலவு பெரிதாயின் மற்றொரு பட்டறையிலும் காட்டி ஆராயக் கட்டணம் கொடுத்தேனும் கருத்துக் கேட்க வேண்டும்.

கேள்வி கேட்பவருக்கு விடையை மதிக்கும் அறிவும் வேண்டும். ஒரு பக்க அப்சோர்பர் கசிந்தால் அதே அச்சின் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றச் சொல்வது ஏமாற்று அன்று. இரு பக்கமும் ஒத்த வலுவோடு இயங்க வேண்டும் என்பதே காரணம். முன்பக்க அப்சோர்பரையோ லோவர் ஆர்மையோ மாற்றியபின் சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் செய்யச் சொல்வதும் முறையே. செய்யாவிடில் புது டயரும் ஒருபுறம் தேய்ந்துபோகும். ஆனால், ரப்பர் புஷ் மட்டும் கிழிந்து மற்றவை நன்றாயிருக்கும்போது, புஷ்ஷை மட்டும் அழுத்திப் பொருத்த முடியுமா என்று கேட்பது நம் உரிமை. சில கார்களில் இயலும். இயலாதாயின் காரணத்தைச் சொல்லட்டும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. நம் நாட்டின் 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பணியைத் தக்க திறமையோடும் கவனத்தோடும் செய்து தரவேண்டும் என்கிறது. முன்கூட்டி விலை பேசப்படாத பணிக்கு நியாயமான விலைக்கு மேல் கொடுக்கவேண்டியதில்லை என்றும் சொல்கிறது. பட்டறைகள் வாடிக்கையாளர்க்கு விவரங்களை வெளிப்படுத்த வேண்டும் என்னும் விதிமுறைகள் 2002 இல் வந்தன. சிணுக்கு நேர்ந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் முறையிடலாம்; 2019 இல் செய்யப்பட்ட திருத்தத்தால் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுசெல்லலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டுவதில்லை. ஆனால், எழுத்தில் ஒரு வரியும் இல்லாதவன் அங்கே எதைக் காட்டுவான்? 1969 இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும், 2019 இல் மறையும்வரை அதை வழிநடத்திய எஸ். எம். முகம்மது இத்ரிஸ் அவர்களும் கேள்வி கேட்கும் மக்களை உருவாக்கவே பாடுபட்டனர். அவ்வுழைப்பின் பயனை நாம் நுகராமலிருப்பது யார் குற்றம்?

ஆசிரியப் பெருமக்களே! காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நேர்மையைப் பாராட்டும் பட்டினப்பாலையை வகுப்பில் விளக்கி மகிழ்கிறோம். அந்நேர்மை வணிகரிடம் மட்டும் இருந்தால் போதுமா? வாங்குவோரிடம் வேண்டாவா? ஒரு பட்டறைப் பற்றுச்சீட்டை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். பொருள் விலை, கூலி, கூட்டுத்தொகை என்று பிரித்துக் கணக்கிடச் செய்யுங்கள். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் எழுதப் பணியுங்கள். கணிதமும் மொழியும் வாழ்வும் ஒருங்கே கைகூடும்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுள் சிலர் ஆசிரியராவீர். சிலர் நம் மக்கள் 'போமன்' என்று அழைக்கும் பட்டறைத் தொழிலாளராவீர். நம் தமிழ்ப்பள்ளிகளில் பயின்ற இளைஞர் பலர் இன்றும் பட்டறைகளில் கரிபடிந்த கைகளோடு உழைக்கின்றனர். பட்டறைக்காரர் எல்லாரும் கொள்ளைக்காரர் என்று பழிப்பவர், தாம் எழுத்தறிவித்த பிள்ளைகளையே பழிக்கிறார்.

ஆகவே, பேரம் பேசும் திறமையைப் பெருமையாகக் கருதும் வழக்கத்தை விட்டொழிப்போம். பொருளுக்குரிய விலையைக் கேட்டறிவோம்; உழைப்புக்குரிய கூலியை வெளிப்படையாகக் கொடுப்போம்; இரண்டையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்வோம். எழுத மறுக்கும் பட்டறையின் வாயிலை மிதியாதிருப்போம். எழுதித் தரும் பட்டறையில் கூலியைக் குறைக்கச் சொல்லி ஒரு காசும் பேரம் பேசாதிருப்போம்.