தகடு விற்பனைக்கு இல்லை

போன மாதம் ஒரு இளைஞர் வீட்டுக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல உத்தியோகம். பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை வாங்கி இரண்டு வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறாராம். என் மைத்துனர் மூலம் என்னைப் பற்றித் தெரிந்துகொண்டிருக்கிறார். காப்பி குடித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"சார், உங்க பழைய ஹெரால்டோட தகடும் ஆர்.சி. புக்கும் இன்னும் உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க. ரெண்டையும் குடுத்தீங்கன்னா எழுபத்தஞ்சாயிரம் தர்றேன்."

1994-இல் அந்த வண்டியை எடைக்குப் போட்டபோது காயலான் கடைக்காரர் எனக்குக் கொடுத்தது நாலாயிரத்துச் சொச்சம். முழு வண்டிக்கு நாலாயிரம், உள்ளங்கை அளவு அலுமினியத் தகட்டுக்கு எழுபத்தைந்தாயிரம்! என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

முடியாது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. காரணத்தை அன்றைக்கு அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. பழைய கார் பிரியர்களில் பலர் இதை ஒரு தப்பாகவே நினைப்பதில்லை என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அதனால் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

ஹெரால்டைப் பார்த்திராத பேரன் பேத்திகளுக்காக ஒரு வார்த்தை. நம் சென்னையில், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-இல் கொண்டுவந்த கார் அது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு, 948 சி.சி. எஞ்சின். முதலில் இரண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்டு பிற்பாடு நம் நாட்டில் மட்டும் வந்தது. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாக வாய் பிளக்கும். என் அப்பா வாங்கியது 1965 மாடல், எம்.எஸ். என்று தொடங்கும் நம்பர்.

அந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. உடம்பு துண்டு துண்டாக அதன்மேல் போல்ட் போட்டு உட்காரும். ஆகவே ஒரு ஹெரால்டின் உடம்பை இன்னொரு ஹெரால்டின் சேஸிஸில் ஏற்றுவது நல்ல மெக்கானிக்குக்குப் பெரிய காரியமில்லை. எஞ்சினும் மாறும், கதவும் மாறும். இத்தனை மாற்றத்துக்கு நடுவே இது இன்ன வண்டி என்று சொல்ல மிஞ்சுவது, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் ரிவெட் அடித்த அந்தச் சின்னத் தகடு. வண்டியில் உள்ளதிலேயே சுலபமாகக் கழற்றக்கூடிய சாமானும் அதுதான். இரண்டு ரிவெட்டைத் துளை போட்டு எடுத்தால் கையோடு வந்துவிடும்.

நான் முப்பத்தொரு வருஷம் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக வேலை பார்த்தவன். சேஸிஸ் எண்ணின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சில் தேய்த்துப் பிரின்ட் எடுத்து எடுத்து விரல் கறுத்துப்போனவன். இரும்பில் பஞ்ச் வைத்து அடித்த எண்ணுக்கு ஞாபகசக்தி உண்டு. அடிக்கும்போது மேலே பள்ளம் விழுவதோடு நிற்பதில்லை, அடியிலுள்ள உலோகமும் நெரிந்துபோகிறது. திருடன் ராவி மழமழப்பாக்கினாலும், ரொம்ப ஆழமாக ராவாதவரை, தடயவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவினால் பழைய எண் நிழலாக எழும்பி வரும். ரிவெட் அடித்த தகட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டினால், புது இடத்திலும் அதே எண்ணைத்தான் காட்டும். பொய்யைக்கூட உண்மை மாதிரி சொல்லும்.

எண்பதுகளில் ஒரு கிளெய்ம். தென்மாவட்டத்தில் புளியமரத்தில் மோதிய அம்பாசடர். பானெட்டைத் திறந்தால் தகடு பழசு, மங்கிப்போயிருக்கிறது. அதைப் பிடித்திருந்த ரிவெட் மட்டும் புத்தம் புதுசு. என்னவோ உறுத்தியது. துருவிக்கொண்டே போனதில், அந்தத் தகடுக்குச் சொந்தமான கார் அதற்கு நாலு வருஷம் முன்பே எரிந்துபோய், டோட்டல் லாஸ் என்று இன்ஷூரன்ஸ் பணமும் வாங்கியாகிவிட்டது என்று தெரிந்தது. எரிந்த கூட்டை ஆர்.சி. புக்கோடு சேர்த்து ஒருவர் வாங்கியிருக்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது தகடும் புத்தகமும் மட்டும். மரத்தில் மோதிய வண்டி, வேறு ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடமிருந்து திருடு போனது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் எந்த எண்ணையும் பார்க்கவில்லை. பின்சீட்டு ரெக்ஸின் கிழிசலில் தன் மனைவி போட்ட தையலைத் தடவிப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு முதல், இடம் மாறிய தகட்டைப் பார்த்தால் எனக்கு அந்தத் தையல்தான் ஞாபகம் வரும்.

தம்பி திருடர் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் சொன்ன நியாயத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். "என்னோடதும் ரெண்டு கதவு, உங்களோடதும் ரெண்டு கதவு. என் வண்டிக்குப் பேப்பர் இல்லை, தகடும் இல்லை. உங்க பேப்பருக்கு வண்டி இல்லை. சேர்த்து வச்சா ஒரு முழு வண்டி ஆயிடும். உங்க அப்பா கார் மறுபடி ரோட்டுல ஓடும் சார்." கடைசி வரியில் நான் கொஞ்சம் ஆடித்தான் போனேன். அப்பாவின் எண்ணைத் தாங்கிய ஹெரால்டு மவுண்ட் ரோட்டில் போவதை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாகலாமே என்று எந்த மகனுக்குத் தோன்றாது?

ஆனால் அது அப்பா கார் இல்லையே. அவர் ஸ்டியரிங் பிடித்த இடத்தில் தேய்மானம் இருந்த கார் உருகி, கம்பியாகி, யார் வீட்டுத் தளத்திலோ கிடக்கிறது. செத்தவர் ரேஷன் கார்டில் இன்னொருத்தர் அரிசி வாங்கினால் செத்தவர் திரும்பி வந்துவிட்டதாக ஆகிவிடுமா?

விஷயம் தெரிந்தவர்கள் இங்கே பென்ட்லி வழக்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 1929, 1930 இரண்டு வருஷமும் லெ மான் பந்தயத்தில் ஜெயித்த 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற கார். அதை ஒரு கோடி பவுண்டுக்குப் பேசி முடித்தபின், வாங்க ஒப்புக்கொண்டவர்கள் பின்வாங்கினார்கள். பந்தயத்தில் ஓடிய சாமான் இதில் எவ்வளவு மிச்சம் என்பது வாதம். 1990-இல் லண்டன் நீதிமன்றம் இது அதே கார்தான் என்று தீர்ப்புச் சொன்னது. "பார்த்தீர்களா, சாமான் மாறினாலும் கார் அதேதான்!" என்பார்கள். தீர்ப்பின் காரணத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கார் தொடர்ச்சியாக ஒரே காராக இருந்துகொண்டே, ஓடிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஒரு நாளும் அது இல்லாமல் போய், அதன் பேரை வேறொன்றுக்குச் சூட்டவில்லை. என் ஹெரால்டு 1994-இல் இல்லாமல் போய்விட்டது. பென்ட்லி தீர்ப்பு என் பக்கம்தான் பேசுகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? கும்பகோணம் பக்கத்துத் திருக்கோடிக்காவலுக்குப் போய்ப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் அந்தக் கோயிலைக் கற்றளியாகத் திருப்பணி செய்தபோது, பழைய கல்வெட்டுகளில் இருந்ததையெல்லாம் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் சொன்னார். வெட்டியவர்கள், இது பழைய கல்லில் இருந்ததன் படி என்று அங்கேயே சேர்த்து வெட்டிவைத்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், யாரும் கேட்கப்போவதில்லை என்ற நிலையிலும், படியைப் படி என்று சொல்லும் நாணயம் இருந்திருக்கிறது. எட்சிங் கடையில் ஆர்டர் கொடுத்துப் பளபளவென்று புதுத் தகடு செய்து, அதில் கொஞ்சம் டீத்தண்ணி தேய்த்துப் பழசாக்கும் நம் ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

தொலைந்த தகடுக்குப் பதில் தகடு செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்யுங்கள். ஓரத்தில் 'படி' என்றும், செய்த வருஷத்தையும் போடுங்கள். எண் உங்கள் ஆர்.சி. புக்கில் இருக்கும் எண்ணாக இருக்கட்டும், ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் சொல்லிவிடுங்கள். பெயிண்டுக்காகப் பழைய தகட்டைக் கழற்றினால், கழற்றுமுன் போட்டோ எடுத்து, அதே துளையில் திரும்பப் பொருத்துங்கள். பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்தே போய்விடும். கண்காட்சிக்கு வரும் நடுவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பளபளக்கிற தகட்டுக்கு மார்க் போடாதீர்கள். அறுபது வருஷத்து வண்டியில் நேற்று அச்சடித்த மாதிரி தகடு இருந்தால் கேள்வி கேட்க வேண்டுமே ஒழிய, கோப்பை கொடுக்கக் கூடாது.

இதெல்லாம் இப்போது ஏன் சூடு பிடித்திருக்கிறது என்றால், காசு. 2021-இல் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' என்ற தனி வரிசையில் நம்பர், பதிவுக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். நல்ல விதிதான். ஆனால் வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ உடம்பிலோ எஞ்சினிலோ மாற்றம் கூடாது என்கிறது அந்த விதி. அதனால் பழைய தகடுக்கும் காலாவதியான ஆர்.சி. புக்குக்கும் திடீரென்று மவுசு. காயலான் கடையில் வண்டியை உடைக்கும் முன் தகட்டைத் தனியாக எடுத்துவைக்கிறார்களாம். சேஸிஸிலும் உடம்பிலும் மாற்றம் கூடாது என்று விதி சொல்ல, இவர்கள் வண்டி முழுவதையுமே மாற்றிவிட்டுத் தகட்டை மட்டும் அசலாக வைக்கிறார்கள்!

இனி என் வண்டவாளம். வண்டி அழிந்தால் பதினாலு நாளைக்குள், அல்லது முடிந்த சீக்கிரத்தில், பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி. புக்கை ஒப்படைக்க வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டம், 55-ஆவது பிரிவு. வேலையில் இருந்த காலத்தில் இதை எத்தனை பேருக்கு உபதேசம் செய்திருப்பேன்! என் சொந்த வண்டி விஷயத்தில் நான் செய்யவில்லை. புத்தகத்தில் அப்பா கையெழுத்து இருந்தது, கொடுக்க மனசு வரவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் தகடும் சாவியும், பீரோவில் புத்தகமுமாக முப்பது வருஷம் ஓடிவிட்டது. நான் ஒழுங்காக நடந்திருந்தால், அந்தத் தம்பிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டும் எண்ணமே வந்திருக்காது.

"ஏங்க, வெறும் தகரம். அந்தப் பையன் ஆசைப்பட்டுக் கேக்கறான்" என்றாள் மனைவி, அவர் போனபிறகு. தகரம்தான். ஆனால் அவருடைய வண்டியிலும் அதே இடத்தில் இரண்டு துளை இருக்கிறதே. அங்கே ஒரு தகடு இருந்தது. அந்த வண்டிக்கும் ஓர் எண் இருந்தது, அதை ஆசையாய் வாங்கிய ஒரு குடும்பம் இருந்தது. அது காணாமல் போய், எங்கேயோ ஒருவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். என் தகட்டை அதன்மேல் அடித்தால், அந்தக் கேள்வியைக் கேட்கும் வழியையே அடைத்துவிட்டதாகும்.

மறுநாள் போனில் இதை அவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பதிலே இல்லை. பிறகு, "இதை நான் யோசிக்கவே இல்லை சார்" என்றார்.

போன திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய், முப்பது வருஷம் தாமதமான கடிதத்தையும் புத்தகத்தையும் கொடுத்துவிட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டு தடவை தேதியைப் பார்த்தாள். அப்பா கையெழுத்துள்ள பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். தகடு பாட்டிலிலேயே இருக்கிறது.

தம்பியின் வண்டியை அவருக்கு விற்றவர், அதைப் பொன்னேரியில் ஒரு நெல் மில்லிலிருந்து எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். மில்காரரின் மகன் இன்னும் அங்கேதான் இருக்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேருமாகப் போய்க் கேட்பதாக இருக்கிறோம். பென்சிலும் காகிதமும் நான் கொண்டுபோகிறேன்.