படங்களும் சாட்சிகளே

கொழும்பில் தமிழர் வாழ்வு நேற்று முளைத்ததன்று. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில் நிற்கிறது. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் இயங்குகிறது. ஆனால், இவற்றைச் சூழ்ந்து வாழ்ந்த குடும்பங்களின் அடையாளம் எங்கே?

1983 யூலையில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டபோது கதவும் கூரையும் மட்டுமா எரிந்தன? தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பப் படங்களும் சாம்பலாயின. தப்பிய பழைய வீடுகள் பலவும் பின்னர் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. முற்றமும் மாமரமும் இருந்த ஒழுங்கைகளை இன்றைய இளைஞர் எவ்வாறு அறிவர்?

எனினும், யாவும் அழிந்துவிடவில்லை. கொழும்பில் உத்தியோகம் பார்த்தோர் தம் திருமணப் படங்களையும் பிள்ளைகளின் படங்களையும் ஊருக்கு அனுப்புவது வழக்கம். வெள்ளவத்தையில் எரிந்த படத்தின் பிரதி, போரையும் இடப்பெயர்வையும் கடந்து, வடக்கே ஒரு கமக்காரர் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கலாம். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஓர் அலுமாரியில் கிடக்கலாம்.

அவற்றைத் தேடி எடுப்போம். அறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே, தெரு எது, ஆண்டு எது, நிற்பவர் யாவர் எனக் கேட்டு எழுதிவைப்போம். பெயரற்ற படம் ஊமைச் சாட்சியன்றோ! பிரதியொன்றை, 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் எண்ணிம ஆவணகம் போன்ற பொது இடத்திற்கு வழங்குவோம்.

காணிக்கு உறுதி உண்டு. வாழ்ந்த வாழ்வுக்கு உறுதி இப்படங்களே. உறுதியைத் தொலைத்தவன் வழக்கில் வெல்வதெங்ஙனம்?