ஓலையைக் காட்டாமல் கையெழுத்தா?

ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து!

2025-ம் ஆண்டு டிசம்பர் 5-ந்தேதி நடந்த கூத்து இது. நாட்டின் மிகப்பெரிய விமானக் கம்பெனியான இண்டிகோவில் விமானம் இருந்தது. டிக்கெட் வாங்கிய பயணிகளும் இருந்தார்கள். ஓட்டத்தான் போதிய ஆள் இல்லை!

"பிளேன்ல போறவனுக்கு வந்த கஷ்டம், நமக்கென்னப்பா?" என்று திருநாவலூர் கடைத்தெருவில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். உளுந்தூர்பேட்டை பக்கம் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒன்று கிடப்பதோடு சரி. இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு விமானம் என்றால் தலைக்கு மேலே கேட்கும் சத்தம்தான்.

ஆனால் விஷயம் விமானத்தோடு நிற்கவில்லை. தினமும் ஏறி இறங்குகிற அரசு பஸ்சிலும் இதே கதைதான்!

தூக்கத்துக்கு வந்த கணக்கு

டிசம்பரில் நடந்தது என்ன? விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்தில் இருந்து 48 மணி நேரமாக உயர்த்தி மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குனரகம் புது விதி போட்டது. வாரத்தில் 6 முறை வரை இரவில் தரை இறக்கலாம் என்று இருந்ததை 2 ஆகக் குறைத்தது. கண் அசந்தால் நூற்றுக்கணக்கான உயிர் போகும் வேலை. விதியில் தப்பே இல்லை.

இந்த விதி வெளியானது 2024 ஜனவரியில். முழுதாக அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 1-ந்தேதி. ஏறக்குறைய 2 வருஷ அவகாசம்! அத்தனை நாள் இருந்தும் தேவையான விமானிகளை எடுக்காமல் கம்பெனி காலம் கடத்தியது என்று இந்திய விமானிகள் கூட்டமைப்பு குற்றம் சாட்டியது.

முடிவு? இரவுப்பணி விதியில் இருந்து கம்பெனிக்குத் தற்காலிக விலக்கு கிடைத்தது. 2026 ஜனவரியில் 22 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விழுந்தது. சலுகை முதலில், தண்டனை பிறகு!

70 மணி 40 ஆன கதை

அதற்கு முன்பு, 2024 மார்ச், ஏப்ரலில் விஸ்தாரா கம்பெனியில் ஒரு தகராறு. ஏர் இந்தியாவோடு இணைவதற்காகப் புது சம்பள ஒப்பந்தத்தை நீட்டினார்கள். முன்பு மாதம் 70 மணி நேரப் பறப்புக்குச் சம்பளம் உறுதி. புது ஒப்பந்தத்தில் அது 40 மணி. மேலே பறந்தால் மேலே காசு. பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் மனசு ஆறவில்லை. பலர் 'உடம்பு சரியில்லை' என்று லீவு போட்டார்கள். விமானங்கள் வரிசையாக ரத்தாயின.

கையெழுத்து வாங்கிவிட்டார்கள், சம்மதம் வாங்கவில்லை. வினை அங்கேதான்!

94 சதவீதம் பேர் 'முடியாது'!

அமெரிக்காவில் யுனைடெட் விமானக் கம்பெனியில் 2022-ல் நடந்ததைப் பாருங்கள். சங்கத் தலைவர்களும் கம்பெனியும் பேசி ஒரு ஒப்பந்தம் தயாரித்தார்கள். அதைத் தொழிலாளர்கள் முன் வைத்து ஓட்டு எடுத்தார்கள். 94 சதவீத விமானிகள் 'வேண்டாம்' என்று தூக்கி எறிந்தார்கள்!

வானம் இடிந்து விழவில்லை. மறுபடி பேசினார்கள். 2023 செப்டம்பரில் இன்னும் நல்ல ஒப்பந்தத்துக்கு 82 சதவீதம் பேர் சம்மதம் தந்தார்கள். ஸ்டிரைக் இல்லாமலே காரியம் முடிந்தது.

இங்கே என்ன நிலை?

2018 ஜனவரி 4-ந்தேதியை பஸ் பயணிகள் மறந்திருக்க மாட்டார்கள். அடிப்படைச் சம்பளத்தை 2.57 மடங்காக்கக் கேட்டன பல தொழிற்சங்கங்கள். அரசு சொன்னது 2.44. சில சங்கங்கள் அதற்குக் கையெழுத்துப் போட்டன. மற்ற சங்கங்கள் வெளியே வந்தன. அன்று மாலையே பஸ்கள் நின்றன. 8 நாள் திண்டாட்டம்! 2024 ஜனவரி 9, 10 தேதிகளில் மறுபடியும் ஸ்டிரைக். காலிப்பணியிடங்களை நிரப்புவதும் அப்போது ஒரு கோரிக்கை. இரண்டு தடவையும் அடி விழுந்தது பொங்கல் வியாபாரத்தில்.

2018-ல் எந்தச் சங்கம் சொன்னது சரி? டிரைவர், கண்டக்டரிடம் யாராவது ஓட்டு எடுத்தார்களா? எடுத்திருந்தால் ஒரே நாளில் விடை தெரிந்திருக்கும்.

2023 செப்டம்பர் முதல் கணக்கிட வேண்டிய 15-வது ஊதிய ஒப்பந்தம் 2025 மே மாதம்தான் கையெழுத்தானது. 3,274 டிரைவர்-கண்டக்டர் வேலைக்கு விண்ணப்பம் கேட்டதும் 2025-ல்தான். ஆள் குறைந்தால் இருப்பவன் தலையில் டபுள் டூட்டி. அவன் அசந்தால் ஆபத்து பயணிக்கு!

சுந்தரர் ஊர் சொல்லும் பாடம்

ஒப்பந்தம் என்றால் என்ன என்று திருநாவலூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுந்தரர் பிறந்த மண்! கல்யாணப் பந்தலில் கிழவர் வேஷத்தில் வந்து, "உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை" என்றார் சிவபெருமான். பாட்டன் போட்ட கையெழுத்து பேரனைப் பிடித்தது.

இன்றைய சட்டமும் அப்படித்தான். சமரச அதிகாரி முன் போடும் ஒப்பந்தம் சங்கத்தில் சேராதவரையும் கட்டும். நாளைக்கு வேலைக்கு வருகிறவரையும் கட்டும்.

ஆனால் அந்தக் கதையில் இன்னொன்றும் உண்டு. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போனது. மூல ஓலையை எல்லார் முன்னும் காட்டி, பாட்டன் கையெழுத்தை ஒத்துப் பார்த்த பிறகே தீர்ப்பு. கடவுளே ஆனாலும் ஓலையைச் சபையில் காட்டித்தான் ஜெயிக்க முடிந்தது!

செய்ய வேண்டியது

ஒப்பந்த நகலைத் தமிழில் ஒவ்வொரு டிப்போவிலும் ஒட்டட்டும். படிக்க ஒரு வாரம் கொடுக்கட்டும். பிறகு ரகசிய ஓட்டு. "இத்தனை பேரிடம் ஓட்டா, நடக்கிற காரியமா?" என்று அதிகாரிகள் கேட்கலாம். 2024 டிசம்பரில் சங்க அங்கீகாரத்துக்காக நாடு முழுவதும் லட்சக்கணக்கான ரெயில்வே ஊழியர்கள் ரகசிய ஓட்டு போட்டார்களே! அங்கே முடிந்தது டிப்போவில் முடியாதா?

சம்பளத்தோடு 'இத்தனை பஸ்சுக்கு இத்தனை ஆள்' என்ற கணக்கும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை: நடுவழியில் பயணியை இறக்கி விடுவது போராட்டம் ஆகாது.

2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த புது தொழிலாளர் சட்டப்படி 14 நாள் நோட்டீஸ் இல்லாமல் ஸ்டிரைக் செய்ய முடியாது. பாதிப்பேர் சேர்ந்து கேஷுவல் லீவு போட்டாலே அதுவும் ஸ்டிரைக்தான். ஒரு கதவை இப்படி இறுக்கிச் சாத்தியவர்கள் இன்னொரு கதவையாவது திறக்க வேண்டும். அதுதான் ஓட்டுப்பெட்டி.

பறக்கிறவனோ, பஸ் ஓட்டுகிறவனோ, சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் வண்டி ஓடும். மிரட்டி வாங்கிய கையெழுத்தில் எந்த வண்டியும் ரொம்ப தூரம் போகாது!