சங்ககிரிக்கு ஒரு நீச்சல் அணி: ஊராருக்கு ஒரு வேண்டுகோள்

சங்ககிரி, தேவூர், அரசிராமணி, வைகுந்தம் சுற்றுவட்டாரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே,

ரசீதுப் புத்தகத்தோடு உங்கள் வாசலுக்கு வரவில்லை. எங்களுக்கு வேண்டியது தண்ணீர் உள்ள ஒரு நல்ல கிணறு, அல்லது யாரோ ஒருவரின் நீச்சல் குளத்தில் காலை நேரம் ஒரு மணி. அதில் நம் ஊர் ஏழைப் பிள்ளைகள் முறையாக இறங்கிப் பழக வேண்டும். பழகிய பிள்ளைகள் ஓர் அணியாகச் சேர்ந்து, முதுகில் சங்ககிரி என்று எழுதிய பனியனோடு மாவட்டப் போட்டிக்குப் போய் நிற்க வேண்டும். அதற்கு உங்கள் துணையைக் கேட்டுத்தான் இந்த நோட்டீஸ்.

எங்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் உண்டு, லாரிப் பட்டறையில் வேலை பார்ப்பவர்கள் உண்டு, தறி ஓட்டுபவர்கள், டிரைவர் வீட்டுப் பெண்கள் உண்டு. கட்சியும் இல்லை, சாதிச் சங்கமும் இல்லை.

2023ஆம் வருசத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். பிப்ரவரி 15 அன்று, தொட்டியம் பக்கம் கால்பந்துப் போட்டிக்கு வந்த புதுக்கோட்டை மாவட்டம் பிலிப்பட்டி அரசு நடுநிலைப் பள்ளி மாணவிகள் நான்கு பேர் மாயனூர்க் காவிரியில் மூழ்கிப் போனார்கள். பந்தை விரட்டி மைதானம் முழுக்க ஓடத் தெம்புள்ள பிள்ளைகள். ஏப்ரலில் நம் கல்வடங்கத்திலேயே, குளிக்கப் போன கல்லூரி மாணவர்கள் நான்கு பேர். இரண்டு இடத்திலும் நான்கு என்பதைக் கவனியுங்கள். தண்ணீர்ச் சாவு பல நேரம் ஒன்றோடு நிற்பதில்லை. ஒருவர் தத்தளிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் சும்மா இருக்க முடியாமல் இறங்குகிறார், அவரைப் பார்த்து அடுத்தவர் இறங்குகிறார். ஆனால் 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் செந்தமிழ்ச்செல்வி, சுந்தரபால், ஆனந்தவல்லி என்ற மூன்று பெண்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசி, மூழ்கிய நான்கு இளைஞர்களில் இருவரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. கரையில் இருந்தபடியே எதையாவது நீட்டிக் காப்பாற்றலாம் என்ற அந்தப் புத்தியைப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாட்டில் ஆண்டுக்கு 35,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கு கிடக்கட்டும், நம் பக்கத்துத் தண்ணீரைப் பார்ப்போம். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று கதவணை மேல் கதவணையாக நிற்கிறது. கரண்டுக்காகத் தேக்குவதும் திறப்பதும் கதவணையை நடத்துபவர்கள் நேரப்படி நடக்கும். முழங்கால் அளவில் நின்று துணி துவைத்த இடத்தில் கொஞ்ச நேரத்தில் இடுப்பளவு ஓடும். ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை மேட்டூர்க் கிழக்குக் கரை வாய்க்காலில் தண்ணீர் விடுவது வழக்கம். ஏழு மாசம் காய்ந்து கிடந்து கிரிக்கெட் ஆடிய வாய்க்கால் ஒரே இரவில் நிரம்பிவிடும். ஆடி 18 அன்று கோட்டையடியில் தீரன் சின்னமலைக்கு மாலை போட ஒரு கூட்டம், காவிரிக்கு நீராட ஒரு கூட்டம். இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் வளரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் நீந்தத் தெரியாது என்றுதான் வகுப்பில் கையைத் தூக்கச் சொல்லும்போதெல்லாம் தெரிகிறது.

நம் அப்பன் பாட்டன் காலத்தில் இதற்கு நோட்டீஸ் அடிக்க வேண்டியிருக்கவில்லை. கிணறு இருந்தது. பாறையை வெட்டி இறக்கிய கிணறு, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படி, மே மாசம் முழுக்க அங்கேதான் கிடை. முதுகில் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டி மாமன் தூக்கிப் போடுவார். இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்து மேலே வந்தால் பழக்கம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். குடுவை போய் லாரி ட்யூப் வந்தது, ட்யூப் போய் ஆயில் கேன் வந்தது.

ஆனால் அந்தக் கிணற்றைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாப் பிள்ளையும் அதில் இறங்கவில்லை. தோட்டம் யாருடையதோ அவர்கள் வீட்டுப் பையன்களும் அவர்கள் சேர்க்கும் பையன்களும் குதித்தார்கள். காலனித் தெருப் பையன் கரையோடு நிற்க வேண்டியிருந்தது, பல இடங்களில் கரைக்கே வர முடியவில்லை. பெண் பிள்ளைகளை யாரும் கூப்பிடவே இல்லை. இன்று அறுபது வயதில் இருக்கும் நம் தாய்மார்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று வீட்டுக்குள் கேட்டுப் பாருங்கள். நாங்கள் சேர்க்க நினைக்கும் அணி, அன்று கரையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

அந்தக் கிணறும் இப்போது இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா முழுக்கப் போய் போர் போடுகிறது, நம் தோட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆயிரம் அடிக்குக் குழாய் இறங்கிய பிறகு அறுபது அடிக் கிணற்றில் தண்ணீர் எப்படி நிற்கும்? மிச்சம் இருக்கும் கிணறுகளில் பாதி, கேஸ் போட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் வேலி போட்டுக் கிடக்கிறது. வேலி போட்டவரைக் குறை சொல்ல மாட்டோம். காசு உள்ள வீட்டுப் பிள்ளை, குளம் வைத்த தனியார் பள்ளிக்குப் போகிறது. டிரைவர் மகனுக்கும் தறிக்காரர் மகளுக்கும் கோழிப் பண்ணைக்கு வேலைக்கு வந்த வடக்கத்திக் குடும்பத்துப் பிள்ளைக்கும் கிணறும் இல்லை, குளமும் இல்லை. வாய்க்கால்தான் மிச்சம்.

சேலம் காந்தி ஸ்டேடியம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடையில் நீச்சல் கற்றுக்கொள்ளும் முகாம் நடத்துவது நல்ல காரியம். ஆனால் இங்கிருந்து சேலம் போய்த் திரும்ப எழுபது கிலோமீட்டருக்கு மேல். கூலி வீட்டில் பிள்ளையோடு போய் உட்கார ஆள் ஏது? அதோடு, முகாமில் பன்னிரண்டு நாள் பழகி விட்டுவிட்டால் கையும் காலும் மறுபடி கூச்சப்பட ஆரம்பித்துவிடும். அணி என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான். வகுப்பு முடிந்தால் பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். அணி என்றால் நாளைக்கும் வரும், அடுத்த வருசமும் வரும், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும். முதலமைச்சர் கோப்பையிலும் பள்ளிக் குடியரசு தினப் போட்டியிலும் நீச்சல் உண்டு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. அதற்காக ஒலிம்பிக் கனவை விற்க வரவில்லை. ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994இல், பதின்மூன்று வயதுக்குள், ஆங்கிலக் கால்வாய் உட்பட ஒரே வருசத்தில் ஆறு நீரிணைகளை நீந்தி மிகிர் சென்னின் சாதனையை முறியடித்தார். அர்ஜுனா விருது வாங்கிய அவரே பிறகு, செலவுக்கு ஆதரவு கிடைக்காமல் நீச்சலை விட்டுப் படிப்புக்குத் திரும்பினார். அப்படியானால் பேர் தெரியாத பிள்ளைகளின் கதி என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பளிங்குக் குளம் இருந்தால்தான் முடியும் என்பதும் இல்லை. வங்கதேசத்தில் ஊர்க் குளத்துக்குள் மூங்கில் மேடை கட்டி, 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், மூழ்குபவரைக் கரையிலிருந்தே காப்பாற்றத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் பாடம். பழகிய பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2012இல் ஆய்வு வெளியானது. கேரளத்தில் 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களுமாகப் பதினெட்டுப் பேர் போன பிறகு, ஆலுவாயைச் சேர்ந்த சஜி வாலசேரில் தன் பிள்ளைகளுக்குப் பெரியாற்றில் நீச்சல் பழக்கத் தொடங்கினார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து, இன்று ஆயிரக்கணக்கானவர்கள் காசில்லாமல் நீச்சல் பழகியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவரைக் குளத்துக்குள் விடாத காலம் இருந்தது. அங்கே பிலடெல்பியாவில் 1971இல் ஜிம் எல்லிஸ் என்ற கணக்கு வாத்தியார் நகராட்சிப் பொழுதுபோக்கு மையக் குளத்தில் கறுப்பினப் பிள்ளைகளின் அணி ஒன்றை உண்டாக்கினார். வாத்தியார்கள் நினைத்தால் நடக்கும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்ள அவர் ஒருவர் போதும்.

எப்படிப் பழக்குவோம் என்று சொல்லிவிடுகிறோம். தூக்கிப் போடுவது கிடையாது. முதல் சில நாள் படியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு வாயால் குமிழி விடுவது மட்டும்தான். பயம் மூச்சில்தான் இருக்கிறது. கிணற்றில் தானாகப் பழகிய பையன்கள் தலையைத் தூக்கிக்கொண்டே அடிப்பார்கள், கொஞ்ச தூரத்தில் இளைத்துவிடும். தலையை உள்ளே வைத்துப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு எடுக்கக் கற்றுவிட்டால் அதே பையன் இன்னும் அதிக தூரம் போவான். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், கூட நிற்பது பெண்கள்தான். உடம்பு மூடிய நீச்சல் உடை கிடைக்கிறது. சுடிதாரோடு இறங்க விட மாட்டோம், பருத்தித் துணி நனைந்தால் ஆளைக் கீழே இழுக்கும். காவிரியில் பயிற்சி இல்லை.

கிணறு கொடுக்க நினைப்பவர் முதலில் கேட்கப்போவது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்பது. நியாயமான கேள்விங்க. கிணற்றைத் தீயணைப்பு நிலையத்தார் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே தொடங்குவோம். பெற்றோர் கையெழுத்து, காப்பீடு, வடக்கயிறு, மிதவை வளையம் எல்லாம் எங்கள் பொறுப்பு. நீந்தத் தெரிந்த பெரியவர் இரண்டு பேர் இல்லாமல் ஒரு பிள்ளைகூட இறங்காது. மோட்டாரின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி எங்கள் ஆள் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் முதல் பிள்ளை படியில் கால் வைக்கும்.

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் அனுப்ப மாட்டோம் என்று சில தாய்மார்கள் சொல்கிறார்கள். நம்பிக்கையை எதிர்த்து வாதாட வரவில்லை. கண்டம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அந்தப் பிள்ளைக்குத்தானே நீச்சல் முதலில் தெரிந்திருக்க வேண்டும்?

பள்ளி, கல்லூரி நடத்துபவர்களுக்கு: உங்கள் குளம் விடிகாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சும்மாதானே கிடக்கிறது. ஒரு மணி நேரம் விடுங்கள். லாரி, வேன் வைத்திருப்பவர்கள் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வண்டி கொடுங்கள். பண்ணைக்காரர்கள் நீந்திவிட்டு வரும் பிள்ளைக்கு ஆளுக்கு இரண்டு முட்டை கொடுத்தால் போதும், தண்ணீரை விட்டு ஏறியதும் வரும் பசி உங்களுக்குத் தெரியும். பணம் கொடுக்க விரும்பினால் எங்கள் கையில் வேண்டாம், கடையில் நேரடியாகக் கட்டி உடையாகவும் கண்ணாடியாகவும் வாங்கிக் கொடுங்கள். வரவு செலவு மாதாமாதம் நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். எல்லாவற்றுக்கும் மேலே, நீந்தத் தெரிந்த பெண்கள் வேண்டும். வேறு ஊரிலிருந்து மருமகளாக வந்தவர்களில் ஆற்றங்கரைக்காரர்கள் இருப்பீர்கள். தயவுசெய்து முன்வாருங்கள், நீங்கள் இல்லாமல் பெண் பிள்ளைகள் அணி கிடையாது.

கொடுப்பவர் பேரை உடையில் அச்சடிக்க மாட்டோம். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துத் துண்டும் பனியனும் வாங்குவதுபோல் ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட மாட்டோம். அவர்கள் நம் ஊர் விளையாட்டுக்காரர்கள், யாரிடமும் கையேந்தி நிற்பவர்கள் அல்ல. இதில் வருத்தம் உள்ளவர்கள் கொடுக்காமல் இருப்பதே மேல்.

பதிலை இந்த நோட்டீஸைக் கையில் கொடுத்தவரிடமே சொல்லுங்கள். கிணறு உண்டு என்றால் ஆழமும், எந்த மாசம் வரை தண்ணீர் நிற்கும் என்பதும் சொன்னால் உதவி. வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் முதல் இருபது பிள்ளைகளையாவது தொடங்கிவிட வேண்டும் என்று இருக்கிறோம். வீட்டுக்காரர் லாரியில் போயிருந்தால் போனில் கேட்டு வையுங்கள், அடுத்த ஞாயிறு மறுபடியும் வருவோம்.

இப்படிக்கு,
சங்ககிரி வட்டார ஆசிரியர்கள், தொழிலாளர்கள், பெற்றோர் சிலர்