கார்புரேட்டரை மாற்றினால் பெட்ரோல் மிஞ்சுமா?

பழைய வண்டி வைத்திருப்போரிடம் ஒரு நம்பிக்கை உண்டு. வண்டி பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கத் தொடங்கியதும் பழி முழுவதும் கார்புரேட்டரின் தலையில் விழும். அதைக் கழற்றிவிட்டுப் புதியதொன்றைப் பொருத்தினால் கவலை தீர்ந்தது என்று சொல்லப் பக்கத்திலேயே நாலு பேர் இருப்பார்கள். சொல்பவர் கைப்பணம் செலவாவதில்லை. குடும்பத் தலைவரின் பணமன்றோ கரைகிறது! ஆகவே இம்மாதம் இப்பொருளைச் சற்றுப் பொறுமையாக ஆராய்வோம்.

இக்கேள்வி பெரிதாக எழுந்த நாடு அமெரிக்கா. பின்புறம் திறந்த தட்டுடைய 'பிக்கப்' வண்டி அங்கே உழவருக்கும் தச்சருக்கும் கைக்கருவி போன்றது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்ப மறுத்தபோது, கேலனுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் மட்டுமே ஓடிய அவ்வண்டிகள் திடீரெனக் குடும்பத்துக்குச் சுமையாயின. (அமெரிக்கக் கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர், ஆக லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர்தான்.) மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓட்டலாகாது என்று 1974-இல் நாடு முழுமைக்கும் விதித்த வரம்பு 1995 வரை சட்டத்தில் இருந்தது. 1990-களின் தொடக்கத்திற்குள் புதிய வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்து, பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி அவ்விடத்தைப் பிடித்தது. எனினும் பண்ணை வீடுகளில் பழைய பிக்கப் வண்டிகள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

கார்புரேட்டரின் வேலை எளியது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்னும் கணக்கில் இரண்டையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவதே அது. காற்று செல்லும் குழாயின் நடுவே ஓரிடம் இடுங்கியிருக்கும். அவ்விடத்தில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். குறைந்த அழுத்தம் பெட்ரோலைத் துளித்துளியாக மேலே இழுக்கும். இடுங்கிய குழாயில் நீர் பாயும் விதத்தை ஆராய்ந்து 1797-இல் நூல் வெளியிட்டவர் இத்தாலியரான ஜோவான்னி பத்திஸ்தா வெந்தூரி. அவர் குருப்பட்டம் பெற்றவர் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லாமல் விட மனமில்லை. உலகெங்கும் மெக்கானிக்குகள் நாள்தோறும் 'வெஞ்சுரி' என்று உச்சரிப்பது ஒரு குருவின் பெயரைத்தான்!

இனி ஓர் எடுத்துக்காட்டு. 1970-களின் செவர்லே பிக்கப் வண்டிகள் பலவற்றில் 'குவாட்ராஜெட்' என்னும் கார்புரேட்டர் இருந்தது. 1965-இல் வெளிவந்த இதற்கு நான்கு வாய்கள். முன்னிரண்டும் சிறியவை, 1⅜ அங்குலம். பின்னிரண்டும் பெரியவை, 2¼ அங்குலம். நிதானமாக ஓட்டும்போது சிறிய வாய்கள் மட்டுமே திறக்கும். வாய் சிறிதானால் காற்று விரைந்து பாயும். பெட்ரோலும் நுண்துளியாகச் சிதறி நன்றாக எரியும். காலை அழுத்தி மிதித்தால்தான் பெரியவை திறந்துகொள்ளும். சிக்கனத்திற்கு இதனினும் நல்ல ஏற்பாடு அக்காலத்தில் அரிது. ஆனால் இதைச் சீராக்கத் தெரியாத மெக்கானிக்குகள் 'குப்பை' என்று இகழ்ந்து கழற்றினர். பந்தய வண்டிக்கு உகந்த, நான்கு வாயும் ஒரே அளவான வேறொன்றை வைத்தனர். வேகம் கூடியிருக்கலாம். பெட்ரோல் மிஞ்சுவது எங்ஙனம்?

குவாட்ராஜெட்டுக்கு நோய்கள் இல்லாமலில்லை. அதன் மிதவை நுரை போன்ற செயற்கைப் பொருளால் ஆனது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும். கனத்த மிதவை உரிய உயரத்திற்கு எழும்பாது. ஊசி வால்வு உரிய நேரத்தில் மூடாது. அறையில் பெட்ரோல் மட்டம் உயர்ந்து, கலவை எப்போதும் கொழுத்தே செல்லும். புகைக்குழாய் முனையில் கரி படிவதும் பெட்ரோல் வாடை வீசுவதும் இதன் அறிகுறிகள். மிதவையை எடுத்து எடை பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். மிதவையையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற ஆகும் செலவு, புதிய கார்புரேட்டர் விலையில் சிறு பகுதியே.

கார்புரேட்டர் குற்றமற்றதாகவே இருப்பதும் உண்டு. சோக் பாதி மூடியபடியே சிக்கிக்கொண்டிருக்கலாம். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட் திறந்தே கிடந்தால் எஞ்சின் சூடேறவே ஏறாது. தீப்பொறி தாமதமாக விழலாம். பிரேக் சக்கரத்தை விடாமல் உரசலாம். டயரில் காற்று குறைந்திருக்கலாம். இவை யாவும் பெட்ரோலைத் தின்னும். இவற்றுள் எதையும் புதிய கார்புரேட்டர் தீர்க்காது.

கேலனுக்கு 200 மைல் தரும் அற்புதக் கார்புரேட்டர் ஒன்று இருந்ததாகவும், எண்ணெய்க் கம்பெனிகள் அதை மறைத்துவிட்டதாகவும் ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. கனடா நாட்டு சார்லஸ் நெல்சன் போக் என்பவர் 1930-களில் பெற்ற காப்புரிமைகளே இதற்கு வேர். காப்புரிமை ஆவணமோ எவரும் படிக்கத்தக்க பொது ஏடு. அதன் காலமும் என்றோ முடிந்துவிட்டது. யாரும் செய்து பார்க்கலாமே! பெட்ரோலின் வெப்பத்தில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடுகிறது என்பதே உண்மை. நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் எரியாமல் வீணாவது மிகச் சிறு பங்குதான். அச்சிறு பங்கை முற்றும் மீட்டாலும் பத்து மைல் இருநூறாகாது. பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்தது. பெரும்பயன் தந்தது ஒன்றுமில்லை.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். பழுதைச் சீராக்கியதால் கேலனுக்குப் பத்து மைல் பன்னிரண்டாயிற்று என்று கொள்வோம். ஆண்டுக்கு 10,000 மைல் ஓடும் வண்டிக்கு 167 கேலன் மிஞ்சும். கேலன் 3 டாலர் என்றால் 500 டாலர். நல்ல தொகைதான். ஆனால் அறுவடைக் காலத்தில் மட்டும் வெளியே வந்து 2,000 மைல் ஓடும் வண்டிக்கு மிஞ்சுவது 33 கேலன், ஏறத்தாழ 100 டாலர். சில நூறு டாலர் கொடுத்துப் புதிது வாங்கியவர், போட்ட முதலை எடுக்கவே ஆண்டுகள் பல காத்திருக்க வேண்டும்.

ஆகவே முதலில் பெட்ரோல் தொட்டியை நிரப்பி மைலைக் குறித்துக்கொள்க. மீண்டும் நிரப்பும்போது எத்தனை கேலன் பிடித்தது என்று பார்க்க. மூன்று முறையேனும் இவ்வாறு செய்தாலன்றி உண்மை மைலேஜ் தெரியாது. அதன்பின் மேற்சொன்ன சில்லறைக் குறைகளைக் களைந்து மறுபடியும் அளந்து பார்க்க. கார்புரேட்டரின் முறை கடைசியில்தான். திராட்டில் தண்டு உடலோடு தேய்ந்து காற்றை உள்ளே விடுமாயின், அல்லது உடலே வெடித்திருக்குமாயின், மாற்றத்தான் வேண்டும்.

அப்போதும் பழையதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட வேண்டாம். குவாட்ராஜெட்டின் பக்கவாட்டில் ஓர் எண் பொறித்திருக்கும். எந்த வண்டிக்கு, எந்த எஞ்சினுக்கு அது செய்யப்பட்டது என்பதை அவ்வெண்ணே காட்டிக்கொடுக்கும். பழையனவற்றைப் புதுப்பித்து விற்போர் அத்தகைய உடல்களை விலை கொடுத்து வாங்குகின்றனர்.