தொடாதே, அது போட்டோவுக்கு!

ஒரு காலத்தில் பிறந்த நாள் என்றால் புதுச் சட்டை, கோயிலில் ஒரு அர்ச்சனை, வகுப்பில் ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய். டீச்சருக்கு மட்டும் இரண்டு. அவ்வளவுதான், ஒரு வயது கூடிவிடும். இப்போது அத்தனை சுலபத்தில் கூட விடுவதில்லை. ‘டெஸர்ட் டேபிள்’ வைத்தால்தான் வயது ஏறும் என்கிறார்கள்.

அதென்ன என்று கேட்பவர்களுக்கு: ஒரு நீள மேஜை. தரையைத் தொடுகிற மாதிரி அதற்கு ஒரு பாவாடை. பின்னால் பலூன் வளைவு. மேஜை மேல் மாடி வைத்த கேக், கப் கேக், குச்சியில் குத்திய கேக், கண்ணாடி ஜாடிகளில் கலர் கலராய் மிட்டாய். சுற்றிலும் குழந்தைகள். குழந்தைகளைச் சுற்றிலும் ‘தொடாதே, தொடாதே’ என்று பெரியவர்கள்.

எங்கள் தெருவில் ஒரு ரிடையர்டு தலைமை ஆசிரியர் இருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும், “டெஸர்ட்னா பாலைவனமாச்சே! அதுக்கு எதுக்குய்யா மேஜை?” என்றார். ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்து குறைவு. ஆனால் மே மாதத்துத் திருவள்ளூர் மாவட்டத்தை நினைத்துப் பார்த்தால் அவர் சொன்னதிலும் தப்பில்லை.

எங்கள் ஊர் திருப்பாச்சூர். திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகிற ரோட்டில் வரும். அப்பரும் சம்பந்தரும் வந்து பாடிய வாசீஸ்வரர் கோயில் இருக்கிறது. பாசு என்றால் மூங்கில். மூங்கில் காட்டுக்குள் சுவாமி கிடைத்ததால் பாசூர் என்று தலபுராணம் சொல்கிறது. இந்த மூங்கில் பிற்பாடு கதைக்கு வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேஜை நம்ம ஊருக்கும் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது எதிர் வீட்டுத் தம்பி மூலமாகத்தான். காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. பெண் குழந்தைக்கு நாலாவது பிறந்த நாள். ஒரு காகிதத்தோடு வந்தான்.

“அண்ணா, நீங்க பி.காம்.தானே? இந்தக் கொட்டேஷனைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

பி.காம். படித்ததற்கு ஊரில் கிடைக்கிற ஒரே மரியாதை இதுதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

பின்னணி, பலூன்: 4,500 ரூபாய். மேஜை, ஸ்டாண்டு, ஜாடி வாடகை: 2,000. இரண்டடுக்கு கேக்: 2,400. கப் கேக் 24: 1,200. குச்சி கேக் 24: 900. ஸ்மோக் பிஸ்கட் கவுண்ட்டர்: 1,500. ஆக மொத்தம் 12,500.

“கேக்ல மேல் அடுக்குக்குப் பக்கத்துல ‘டம்மி’ன்னு போட்டிருக்கே, அது என்ன?”

“அது தெர்மாகோல்ண்ணா. மேல கிரீம் தடவியிருப்பாங்க. போட்டோல தெரியாது.”

கூட்டிக் கழித்துப் பார்த்தேன். வாய்க்குள் போவது 6,000. கண்ணுக்குள் போவது 6,500. அந்த 6,000-லும் கொஞ்சம் புகையாகப் போகிறது.

“பணத்துக்கு என்ன பண்ணப் போறே?”

“சீட்டு எடுக்கலாம்னு...” என்று இழுத்தான்.

இந்த இடத்தில் ‘ஆடம்பரம் கூடாது, சிக்கனம் வேண்டும்’ என்று ஒரு சொற்பொழிவை ஆரம்பித்திருக்கலாம். வாயைத் திறப்பதற்குள் அவன் ஒன்று சொன்னான்.

“மேனேஜர் வீட்டுப் பொண்ணு பர்த்டே போட்டோ பாத்தேண்ணா. எனக்கு அந்த கேக்கெல்லாம் வேணாம். எங்க வீட்டுச் சுவரு இன்னும் பூசல. பாப்பா போட்டோல அந்த செங்கல்லு மட்டும் தெரியக் கூடாது. அவ்ளோதான்.”

சொற்பொழிவை மடித்து வைத்துக்கொண்டேன். மனுஷன் கேட்பது மேஜையே இல்லை, ஆறடிக்கு ஆறடி ஒரு மறைப்பு. அதற்கு 12,500 என்பதுதான் கணக்கில் இடித்தது.

மறைப்பு பிறகு. முதலில் அந்தக் கொட்டேஷனில் இருப்பவற்றைப் பார்ப்போம்.

ஸ்மோக் பிஸ்கட். வாயில் போட்டால் மூக்கு வழியாகப் புகை வரும். இன்ஸ்டாகிராமில் பார்க்க ஜோர். அந்தப் புகை திரவ நைட்ரஜன். அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி! சரியாக ஆவியாகாமல் உள்ளே போனால் வாயும் வயிறும் வெந்துபோகும். குளிரும் சுடும், ஸார். 2024 ஏப்ரலில் கர்நாடகத்தில் தாவணகெரே பொருட்காட்சியில் இதைச் சாப்பிட்ட ஒரு சிறுவன் துடித்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. நம் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரிக்கை விட்டது. 1,500 ரூபாய் கொடுத்து வாங்குகிற சமாசாரமா இது? முதல் கோடு அதன் மேல் போட்டேன்.

அடுத்தது கலர். ‘பஞ்சு மிட்டாய் மெஷின் வேண்டுமானால் தனி ரேட்’ என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும், அதே மாதம் தமிழ்நாட்டிலும் கலர் பஞ்சு மிட்டாய்க்கு ஏன் தடை வந்தது, ஞாபகம் இருக்கிறதா? ரோடமின்-பி. துணிக்குப் போடுகிற சாயம். சட்டையில் ஒட்டினால் போகாத அந்த ரோஸ் கலர் குடலில் மட்டும் சமர்த்தாக நடந்துகொள்ளுமா? வெள்ளையாகப் பஞ்சு மிட்டாய் போட்டால் ஆட்சேபணையே இல்லை. சர்க்கரைக்கு இயற்கையான கலர் அதுதான்.

சர்க்கரை என்றதும் இன்னொன்று. ‘ஸ்வீட்டைக் கொடுத்தால் பிள்ளைகள் பேயாட்டம் ஆடும்’ என்று உலகம் பூராவும் நம்புகிறார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் 1995-ல் ஒரு கட்டுரை வந்தது. அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, சர்க்கரைக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் தென்படவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டத்துக்குக் காரணம் கூட்டம். இதனால் சர்க்கரை நல்லவன் என்று அர்த்தமில்லை. அது செய்த குற்றம் பல்லிலும் இடுப்பிலும் தெரியும்.

அப்புறம் வெயில். சாக்லேட்டில் இருக்கிற கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். நாக்கில் வைத்ததும் கரைவது அதனால்தான். நம் பக்கத்தில் மே மாதம் 40 டிகிரி சர்வசாதாரணம். சாக்லேட்டுக்கு வாய் வரை வருகிற வேலையே இல்லை, ஜாடியிலேயே காரியத்தை முடித்துக்கொள்ளும். கிரீம் விஷயம் இன்னும் மோசம். ஃப்ரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம், அதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புக்காரர்கள் கணக்கு. நம் வீடுகளில் மாமா வர முக்கால் மணி, போட்டோக்காரர் வர ஒரு மணி.

கடைசியாக, யாருமே கவனிக்காத ஒரு கணக்கு. நாலு வயதுக் குழந்தை சராசரியாக ஒரு மீட்டர் உயரம். மேஜை 75 சென்டிமீட்டர். அதன் மேல் கேக் ஸ்டாண்டு 30. கூட்டினால் 105. அதாவது, யாருக்காக இத்தனை அமர்க்களமோ அந்தக் குழந்தையின் உச்சந்தலைக்கு மேலே இருக்கிறது கேக்! அது பார்ப்பது மேஜையின் பாவாடையைத்தான். ஒரு விசேஷத்தில் பிறந்த நாள் குழந்தையைத் தேடு தேடென்று தேடினார்கள். மேஜைப் பாவாடைக்குள் புகுந்து, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே இன்னும் மூன்று பேரோடு உட்கார்ந்திருந்தது. பார்ட்டி அங்கேதான் நடந்தது.

இதையெல்லாம் நான் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த எங்கம்மா தலையைத் தூக்காமலே கேட்டாள்:

“ஏண்டா, பரண்ல கொலுப்படி சும்மாத்தானே தூங்கறது?”

யோசித்துப் பாருங்கள். பின்னால் உயரம், முன்னால் தாழ்வு. ஒற்றைப்படையில் படிகள். மேலே வெள்ளை வேட்டி விரித்து மடிப்பைக் குண்டூசியால் மறைப்பது. ஒரே கலர் பொம்மைகளைப் பக்கத்தில் வைக்காமல் மாற்றி மாற்றி வைப்பது. டெஸர்ட் டேபிள்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு கற்றுத்தருகிற பாடமெல்லாம் இதுதான். நம் வீடுகளில் பாட்டிமார் இதைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். கடைசிப் படிக்குக் கீழே கேழ்வரகு முளைக்கவிட்டு ஒரு பார்க் வைப்போமே, அது குழந்தைகள் கைக்கு எட்டுகிற உயரம். அந்த யோசனை எந்த கேட்டரிங் ஸ்கூல்காரருக்கு வந்தது?

ஆக, மூன்று படி. தரையிலேயே. மேல் படி 60 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. உச்சியில் நடுவே ஒன்றரைக் கிலோ கேக், டம்மி கிடையாது. அதன் இரண்டு பக்கமும் அம்மா கூட்டில் பிடித்த மனோகரப் பருப்புத் தேங்காய், ஜோடியாக. ஒரு அடி உயரத்துக்குக் கூம்பாக நிற்கும். அடி முதல் நுனி வரை வெல்லம்தான், தெர்மாகோல் இல்லை. 40 டிகிரியிலும் அசையாது.

இரண்டாவது படியில் ரவா லட்டு, எள்ளுருண்டை, தேன் மிட்டாய். மூன்றாவதில் கேசரியைக் குட்டிக் கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திராட்சை. கடலை மிட்டாயும் இருந்தது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள், லேசுப்பட்ட சரக்கில்லை. ஆனால் அதை மட்டும் பெரிய பிள்ளைகளுக்கென்று தனித் தட்டில் உயரத்தில் வைத்தோம். சின்னதுகள் முழுக் கடலையை விழுங்கினால் தொண்டையில் சிக்கும். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது உண்டா என்று வரும்போதே கேட்டும் வைத்தோம். வெடித்த பலூன் துண்டுகளைப் பொறுக்குவதற்கென்றே ஒரு பெரியப்பாவை நியமித்தோம். அவருக்கும் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காது.

சுவர்? இரண்டு மூங்கில் கழி நட்டு, குறுக்கே ஒன்று கட்டினோம். மூங்கில் காட்டு ஊரில் மூங்கிலுக்கா பஞ்சம்! அதில் தம்பி மனைவி தன் கல்யாணப் புடவையை எடுத்துவந்து தொங்கவிட்டாள். அரக்குக் கலர், பெரிய ஜரிகை. மேலே ஒரு சரம் சீரியல் விளக்கு. செங்கல் போன இடம் தெரியவில்லை.

தம்பி ஷிப்ட் முடிந்து, யூனிபார்மை மாற்றாமலே ஓடிவந்தான். பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. புடவையின் ஓரத்தை மட்டும் ஒரு தடவை தொட்டுச் சரிபண்ணினான்.

ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தோம். போட்டோவுக்கு ஐந்து நிமிஷம். அதற்கு மேல் யாரும் ‘தொடாதே’ என்று சொல்லக் கூடாது. மாமா வரவில்லையா, வரவில்லை. அவர் வந்து மிச்சத்தைத் தொடட்டும்.

ஆறாவது நிமிஷம் பருப்புத் தேங்காயின் நுனியைக் காணோம்.

வீட்டு வாசல் தெருவைப் பார்த்தது. பக்கத்து லைன் வீடுகளில் பீகாரிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் நாலைந்து பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்டபமாக இருந்தால் வாட்ச்மேன் இருப்பார். இங்கே படிதான் இருந்தது, அதுவும் அவர்கள் முட்டி உயரத்துக்கு. பிறந்த நாள் பாப்பாவே போய் ஒருத்தனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தது. அவன் எள்ளுருண்டையை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, “தில்குட்!” என்று கத்தினான். அவர்கள் ஊர்ப் பக்கம் கயாவில் எள்ளும் வெல்லமும் இடித்துச் செய்கிற பிரசித்தமான பலகாரம் அது. எங்கம்மாவுக்கு ஹிந்தி சுத்தமாகத் தெரியாது. ஆனால் என்ன சொன்னான் என்று புரிந்துவிட்டது. இன்னும் இரண்டு எடுத்து அவன் கையில் வைத்தாள்.

இனி கணக்கு. கேக் 1,200. பலகாரச் சாமான் 1,400. பலூன் 300. சீரியல் விளக்கு 250. காகிதத் தட்டு, கிண்ணம் 150. மொத்தம் 3,300 ரூபாய். புடவை, மூங்கில், கொலுப்படி, எங்கம்மா: கைவசம் இருப்பு.

கொட்டேஷனில் மிச்சம் 9,200. அது தம்பியிடம் இல்லாத பணம். சீட்டு எடுத்துக் கடனாக வந்திருக்க வேண்டிய பணம். இல்லாத பணம் மிச்சமானால் அதற்கு எந்தப் பக்கம் பற்று, எந்தப் பக்கம் வரவு என்று மூன்று வருஷம் படித்தும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு இறுதி இருப்பு எடுத்தேன். மேல் படியில் கேக் ஒட்டின அட்டை. நடுப்படியில் எள் ஏழெட்டு. கீழ்ப்படியில் ஒரு திராட்சை. அதையும் எறும்புகள் நகர்த்திக்கொண்டிருந்தன.