நாணம் மருந்தாகுமா?

நீரிழிவு வந்தால் கலியாண வீட்டுப் பந்தியிலும் அதைப் பற்றி உரையாடுகின்றோம். இடுப்புக்குக் கீழே ஒரு சிறு பாலுண்ணி தோன்றிவிட்டாலோ நமது நா கட்டுண்டு போகின்றது. இதனைப் பண்பாடு என்பர் சிலர். நாம் இதனை அறியாமை என்கின்றோம்.

பாலுறுப்புப் பாலுண்ணி மனிதப் பப்பிலோமா வைரசினால் உண்டாவது. பெரும்பாலும் அவ்வைரசின் 6 ஆம், 11 ஆம் வகைகளே காரணம். பாலுறுப்பின் மீதோ குதத்தைச் சூழவோ தோல் நிறத்திலேனும் கபில நிறத்திலேனும் சிறு முளைகள் எழும். சில தனித்து நிற்கும், சில பூக்கோவாப் போலக் கொத்தாகும். நோவு பெரும்பாலும் இராது. அரிப்போ சிறு இரத்தக் கசிவோ இருக்கலாம். அவ்விடத்து முளைகள் யாவும் பாலுண்ணியல்ல. வைத்தியர் பார்த்தே தெளிதல் வேண்டும்.

பாலுறவின்போது தோலோடு தோல் உராய்வதால் இது தொற்றும். தொற்றிச் சில வாரங்களில், மாதங்களில், ஏன், ஆண்டுகள் கழிந்தும் முளை வெளிப்படலாம். ஆகவே நேற்றுத் தோன்றிய முளையைச் சான்றாகக் காட்டி இன்று மனைவியை நடத்தை கெட்டவள் எனத் தூற்றுபவன், விஞ்ஞானத்துக்கும் நீதிக்கும் ஒருங்கே பகைவனாவான்.

புற்றுநோய் என்று நடுங்கவும் வேண்டியதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பெரிதும் காரணமானவை 16 ஆம், 18 ஆம் வகைகள். எனினும் ஒருவரிடத்துப் பல வகைகள் ஒருங்கே தொற்றியிருக்கலாமாதலின், பெண்கள் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைத் தவறவிடலாகாது.

நாணம் செய்யும் கேடு யாது? கைப் பாலுண்ணிக்கு விற்கும் அமில மருந்தை ஒளித்து வாங்கி இவ்விடத்திற் பூச, மென்தோல் வெந்து புண்ணாகின்றது. வைத்தியரிடம் சென்றாலோ திரவ நைதரசனால் உறையவைத்தல், முக்குளோரோ அசற்றிக்கமிலம் இடுதல், மின்னாற் சுடுதல், வீட்டிற் பூசும் பொடோபிலொட்டொக்சின் அல்லது இமிகுவிமொட் எனப் பல வழிகள் உள. கர்ப்பிணிகளுக்குப் பொடோபிலொட்டொக்சின் ஆகாது. அவர்கள் முன்கூட்டியே கூறவேண்டும். முளை நீங்கினும் வைரசு தங்கியிருக்கலாம். மீண்டும் தோன்றினால் மனந்தளராது மீண்டும் செல்லவேண்டும். நம் நாட்டு அரசாங்கப் பாலியல்நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இச்சேவை இலவசம், இரகசியமும் காக்கப்படும்.

“இவற்றைச் சொன்னாற் பிள்ளைகள் கெட்டுப்போவர்” என்பார்க்கு நமது விடை இது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசியை அவுஸ்திரேலியா 2007 இல் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. அங்கே பாலியல்நோய் நிலையங்களுக்கு வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களில் பாலுண்ணி கண்டோர் 2007 இல் 11.5 வீதம், 2011 இல் 0.85 வீதம். நோயை ஒழித்தது ஒழுக்கப் பிரசங்கமன்று, ஊசி.

இலங்கையிலும் 2017 இல் ஆறாந் தரப் பெண்பிள்ளைகளுக்கு இவ்வைரசுக்கு எதிரான ஊசி போடத் தொடங்கினர். ஆண்பிள்ளைகள் அன்று சேர்க்கப்படவில்லை. வைரசோ ஆண் பெண் பேதம் பார்ப்பதில்லை. அவ்வூசி எதற்கென்று கையை நீட்டிய சிறுமிக்கு நம்முள் எத்தனை ஆசிரியர் விளக்கினோம்? இனப்பெருக்கப் பாடம் வந்ததும் “வீட்டிற் படித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்தைப் புரட்டியவர்கள் நாமே அல்லவா?

வீட்டிலும் பேச்சில்லை, பள்ளியிலும் பேச்சில்லை என்றால் அப்பிள்ளை எங்கே கேட்கும்? அந்தப் பக்கத்தை வகுப்பில் வாய்விட்டுப் படிப்போம். அங்கிருந்தே தொடங்குவோம்.